பாங்காக்கில் நான்கு நாட்கள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பாங்காக் பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்கிறார்கள். வெயிலும் சாலை நெரிசலும் ஆளும் இந்த நகரில் அந்தக் கணக்கு இரண்டாம் நாளே உடைந்துவிடும். வரைபடத்தில் அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு இடங்களுக்கு இடையே மாலை நேரத்தில் காரில் ஒரு மணி நேரம் கழியும். காலை எட்டரை மணிக்கு இனிதாகச் சுற்றிவரக்கூடிய கோயில் முற்றம், நண்பகலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆகவே ஒரு நாளைக்கு நகரின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையைக் கோயில்களுக்கும் நண்பகலைக் கூரையுள்ள இடங்களுக்கும் மாலையைக் கடைவீதிகளுக்கும் ஒதுக்குங்கள். கூடியவரை ரயிலிலும் படகிலும் செல்லுங்கள். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் நான்கு நாட்களில் நகரை நிதானமாகப் பார்த்துவிடலாம். கீழே தந்திருக்கும் கட்டணங்களும் நேரங்களும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. மார்ச் முதல் மே வரை வெயில் கடுமையாக இருக்கும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை உச்சத்தில் இருக்கும், தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரான் கொண்டாடப்படுகிறது. நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் அந்த விழாவில் தெருவெங்கும் தண்ணீரை வாரி இறைப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே செல்வோருக்கு அது நல்ல காலம். கோயில்களை அமைதியாகப் பார்க்க விரும்புவோருக்கு ஏற்ற காலம் அன்று.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். இந்தியாவும் இலங்கையும் உட்பட 93 நாடுகளின் குடிமக்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து இத்தகைய விதிகளை அவ்வப்போது திருத்துவதால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். நாட்டில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், தாய்லாந்துக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் அதை இலவசமாகவே நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளம் அன்று என்று தெரிந்துகொள்ளுங்கள். திரும்பும் பயணச் சீட்டு, விடுதி முன்பதிவு ஆகியவற்றின் அச்சுப்பிரதிகளைக் கையில் வைத்திருங்கள்; அதிகாரி கேட்டால் கைப்பேசியில் தேடி நிற்க வேண்டியிருக்காது.

மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. பையில் இருந்தாலே பறிமுதலும் அபராதமும், சில வேளை வழக்கும் வரும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அங்கும் மின்சாரம் 220 வோல்ட்தான். நம் கைப்பேசி சார்ஜர்களின் இரண்டு உருளை முனைப் பிளக்குகள் பெரும்பாலும் பொருந்திவிடும். மூன்று முனைப் பிளக்குகளுக்குத்தான் அடாப்டர் தேவைப்படும்.

எங்கே தங்குவது

இந்த ஒரு முடிவு சரியாக அமைந்தால் பயணத்தின் பாதிச் சிரமம் குறையும். விடுதி எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதைவிட, மேம்பால ரயிலான பிடிஎஸ் நிலையத்துக்கோ சுரங்க ரயிலான எம்ஆர்டி நிலையத்துக்கோ நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக ரயில் இல்லாத சந்துக்குள் அறை எடுத்தால், மிச்சப்படுத்திய பணம் டாக்சியிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

முதன்முறை செல்வோருக்கு நான் பரிந்துரைப்பது சிலோம்–சாதோர்ன் வட்டாரம், அதிலும் சுரசாக், சபான் தக்சின் நிலையங்களின் அருகிலுள்ள பகுதி. சபான் தக்சின் நிலையத்தின் அடியிலேயே சாதோர்ன் படகுத்துறை இருப்பதால், காலையில் அறையை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் ஆற்றில் இருக்கலாம். தென்னிந்திய உணவகங்களும் மாரியம்மன் கோயிலும் அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே உள்ளன. சுகும்விட் சாலையில் நானா, அசோக் நிலையங்களை ஒட்டிய பகுதியும் வசதியானதுதான்; இந்திய உணவகங்கள் அங்கே ஏராளம். ஆனால் அரண்மனைப் பகுதி அங்கிருந்து சற்றுத் தொலைவு. நானாவின் சில சந்துகள் இரவு விடுதிகளுக்குப் பெயர்போனவை என்பதால், குழந்தைகளோடு செல்வோர் அசோக்கையும் அதற்குக் கிழக்கே உள்ள நிலையங்களையும் பார்க்கலாம். காவ் சான் சாலை இளைஞர்களின் மலிவு விடுதிகளுக்குப் புகழ்பெற்றது. ரயில் வசதி அருகில் இல்லை, இரவெல்லாம் இரைச்சல்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் இயங்குகின்றன. பெரிய நிலையமான சுவர்ணபூமி நகரின் கிழக்கே இருக்கிறது. குறைந்த கட்டண விமானங்கள் பல இறங்கும் டான் முவாங் வடக்கே இருக்கிறது. சுவர்ணபூமியில் இறங்கினால், கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்து புறப்படும் விமான நிலைய ரயில் சுமார் அரை மணி நேரத்தில் பாயா தாய் நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கும். அதிகபட்சக் கட்டணம் 45 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்). பாயா தாயில் பிடிஎஸ் ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் சிலோம் வழித்தடத்தைப் பிடித்தால் சுரசாக்கில் இறங்கலாம். சுகும்விட் செல்வோர் மக்காசனில் இறங்கி, அதை ஒட்டிய பெட்சபுரி எம்ஆர்டி நிலையத்தில் ஏறுவது எளிது.

ரயில் ஓடாத நள்ளிரவில் இறங்கினாலோ பெரிய பெட்டிகள் இருந்தாலோ தரைத்தளத்தில் உள்ள பொது டாக்சி வரிசைக்குச் செல்லுங்கள். அங்குள்ள இயந்திரம் தரும் சீட்டில் வண்டி நிற்கும் இடத்தின் எண் இருக்கும். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணமாக 50 பாட்டும், விரைவுச்சாலையில் சென்றால் அதன் சுங்கமும் நீங்கள் கொடுக்க வேண்டும். இவை முறையான கட்டணங்களே. வருகைக் கூடத்திலேயே அணுகி டாக்சி வேண்டுமா என்று கேட்பவர்களோடு போக வேண்டாம். டான் முவாங்கிலிருந்து சிவப்பு வழித்தட ரயிலும், மோ சித் பிடிஎஸ் நிலையத்துக்கு ஏ1 பேருந்தும் உள்ளன.

பணம் மாற்றுவதில் ஒரு சிறு விவரம். சுங்கத்தைத் தாண்டியதும் கண்ணில் படும் வங்கி முகப்புகளைவிட, சுவர்ணபூமியின் அடித்தளத்தில் ரயில் நுழைவாயிலுக்கு அருகில் உள்ள நாணய மாற்றுக் கடைகள் நல்ல விலை தருகின்றன. ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் தனிக்கட்டணம் பிடிப்பார்கள். எடுப்பதானால் மொத்தமாக எடுப்பதே லாபம்.

ரயில், படகு, டாக்சி

பிடிஎஸ் 1999இலும் எம்ஆர்டி 2004இலும் ஓடத் தொடங்கின. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களால் இயக்கப்படுகின்றன என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். அசோக் பிடிஎஸ் நிலையமும் சுகும்விட் எம்ஆர்டி நிலையமும் ஒரே சந்திப்பில் இருந்தாலும், ஒன்றிலிருந்து வெளியேறி மற்றொன்றுக்குப் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும். பிடிஎஸ்ஸுக்கு, முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ராபிட் அட்டை உண்டு. அதை வாங்கக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். எம்ஆர்டியில் தொடுமுறை வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளை வாயிலிலேயே காட்டி நுழையலாம்.

சாவோ பிரயா ஆற்றில் செல்லும் விரைவுப் படகுகளைக் கொடியின் நிறத்தால் அடையாளம் காண்கிறார்கள். ஆரஞ்சுக் கொடிப் படகு நாள் முழுவதும் ஓடும் சாதாரணப் படகு. எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம், 16 பாட். நீலக் கொடிப் படகு சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை அதிகம். சாதோர்ன் துறையில் நீலப் படகின் சீட்டு விற்பவர்கள் முன்னால் நிற்பார்கள். அவர்களைத் தாண்டிச் சென்று ஆரஞ்சுக் கொடி எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். நகரத்தார் வேலைக்குச் செல்லும் அந்தப் படகில், நடத்துனர் உலோக உருளையைக் குலுக்கி ஓசை எழுப்பியபடி சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார். கரையோரக் கோயில்களின் கோபுரங்களும் மரவீடுகளும் கடந்து செல்லும் அந்தப் பயணத்தையே ஒரு தனிச் சுற்றுலாவாகக் கொள்ளலாம்.

டாக்சியில் ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் இறங்கி அடுத்த வண்டியைப் பிடியுங்கள். கிராப், போல்ட் ஆகிய செயலிகளில் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். டுக்டுக் என்னும் மூன்று சக்கர வண்டிக்கு மீட்டர் இல்லை, ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு சவாரி மகிழ்ச்சி தரும். தினமும் அதில் செல்வது வீண் செலவு.

முதல் நாள்: ஆற்றங்கரையின் மூன்று தலங்கள்

1782இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரை தோன்புரியிலிருந்து ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றி, ரத்தனகோசின் என்னும் அரசநகரை அமைத்தார். பேரரண்மனையும் அதனுள் அமைந்த வாட் பிரா கேவ் என்னும் மரகத புத்தர் கோயிலும் அப்போது எழுந்தவை. சீட்டு விற்பனை காலை 8.30க்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடிகிறது, வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். சுற்றுலாக் குழுக்களின் பேருந்துகள் வந்து குவிவதற்குள் நுழைய, எட்டு மணிக்கே வாசலில் இருக்க வேண்டும். சனாம் சாய் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வரலாம்; படகில் வந்தால் தா சாங் துறையில் இறங்கலாம்.

உடை விதி கண்டிப்பானது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாச் சட்டை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், இறுக்கமான லெக்கிங்ஸ் ஆகியவற்றோடு வருபவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஆண்களுக்கு முழுக்கால் சட்டையும் பெண்களுக்குத் துப்பட்டாவோடு கூடிய பருத்திச் சுரிதாரும் வெயிலுக்கும் விதிக்கும் பொருந்தும்.

மரகத புத்தர் சிலை சுமார் 66 சென்டிமீட்டர் உயரமே கொண்டது. உயர்ந்த பீடத்தின் மேல் இருப்பதால் இன்னும் சிறிதாகத் தெரியும். பெயரில் மரகதம் இருந்தாலும் பச்சைக் கல் ஒன்றிலிருந்து செதுக்கப்பட்டது. கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் மூன்று பொன்னாடைகள் உண்டு. பருவம் மாறும்போது மன்னரே ஆடையை மாற்றுவது மரபு. உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. தரையில் அமர்ந்து, பாதங்களைப் பின்புறமாக மடக்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான பயணிகள் அங்கிருந்து நேரே அரண்மனைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரத்தில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்ட ராமகியென் ஓவியங்களை விட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். ராமாயணத்தின் தாய் வடிவமே ராமகியென். வடக்கு வாயிலருகே தொடங்கி வலமாகச் செல்லும் இந்தச் சுவரோவியங்களை, கதை தெரிந்த நம்மவரால் விளக்கம் இல்லாமலே படித்துக்கொண்டு போக முடியும். நாம் அறியாத திருப்பங்களும் எதிர்ப்படும். இராவணன் இங்கே தொட்சகன், அதாவது தசகண்டன். சீதை அவனுக்குப் பிறந்து, அவன் குலத்தை அழிப்பாள் என்று ஆற்றில் விடப்பட்ட குழந்தை. அனுமன் பிரம்மச்சாரி அல்லன். காதலும் மனைவியரும் பிள்ளைகளும் உடைய வீரன். வாயில்களைக் காத்து நிற்கும் பேருருவ இயக்கர் சிலைகளும் இந்தக் கதையின் பாத்திரங்களே. இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதினொரு மணியளவில் வெளியே வந்து, தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாட் போ கோயில். கட்டணம் 300 பாட். 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட சயன புத்தர் கூரைக்குக் கீழ் இருப்பதால் நண்பகலிலும் பார்க்கலாம். முத்துச்சிப்பி பதித்த பாதங்களில் 108 மங்கலச் சின்னங்கள் உள்ளன; முதுகுப்புறம் வரிசையாக வைத்த 108 வெண்கலக் கிண்ணங்களில் நாணயம் இட்டபடி செல்வது வழிபாட்டு முறை. மருத்துவமும் இலக்கியமும் பொறித்த கல்வெட்டுகள் நிறைந்த இந்தக் கோயில் நெடுங்காலம் ஒரு கல்விக்கூடமாகவே விளங்கியது. மரபுவழித் தாய் மசாஜ் இங்குள்ள பள்ளியில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. 2019இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. வளாகத்திலேயே மசாஜ் செய்துகொள்ளலாம், காலையெல்லாம் நடந்த கால்களுக்கு அந்த நேரம் பொருத்தமானது.

மூன்றரை மணிக்கு மேல் தா தியன் துறையிலிருந்து சில பாட்டுகள் கொடுத்து மறுகரைக்குப் படகேறினால் வாட் அருண். சூரியனின் தேர்ப்பாகனான அருணனின் பெயர் கொண்ட இந்தக் கோயிலின் நடுக் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகளாலும் சிப்பிகளாலும் இழைக்கப்பட்டது. தொலைவிலிருந்து சாம்பல் நிறமாகத் தெரியும் கோபுரத்தின் பூவேலைப்பாடு, அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். கட்டணம் 200 பாட். படிகள் செங்குத்தானவை, இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். பிறகு கிழக்குக் கரைக்குத் திரும்பி, கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் மறைவதைத் தா தியன் கரையிலிருந்து பார்க்கலாம்.

உடலில் தெம்பு மிஞ்சியிருந்தால், அங்கிருந்து சற்றே தெற்கில் உள்ள பாக் க்லோங் தலாத் பூச்சந்தைக்குச் செல்லலாம். இரவும் பகலும் இயங்கும் சந்தை அது. மல்லிகை மொட்டுகளை ஊசியில் கோத்து நுணுக்கமாகக் கட்டும் சிறு மாலைகளைப் பூக்கட்டத் தெரிந்தவர்கள் நின்று ரசிப்பார்கள்.

இரண்டாம் நாள்: பழைய நகரின் கிழக்குப் பகுதியும் கால்வாயும்

சாம் யோத் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் சாவ் சிங் சா என்னும் பேரூஞ்சலின் சிவப்புத் தூண்கள் தெரியும். 1784இல் முதலில் நிறுவப்பட்ட இந்த ஊஞ்சலில், அரசவைப் பிராமணர்கள் நடத்திய திரியம்பாவை–திரிபாவை விழாவின்போது இளைஞர்கள் உயர ஆடுவார்கள். ஊஞ்சலாட்டம் 1930களில் நிறுத்தப்பட்டது, ஆனால் விழாவின் சடங்குகள் தொடர்கின்றன. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே அங்கே இவ்வாறு மருவியுள்ளன. மார்கழியை ஒட்டி நடக்கும் அந்தச் சடங்கில், பொருள் அறியாத போதும் வாய்மொழியாகவும் கிரந்த எழுத்துச் சுவடிகளின் வழியாகவும் காத்துவந்த தமிழ்ப் பாசுரங்களை அவர்கள் ஓதிவருவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஊஞ்சலுக்கு அருகிலேயே சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்கு மூன்று சன்னிதிகள் கொண்ட தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயில் உள்ளது. பயணக் கையேடுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் இடம் இது. தமிழ் அறிந்தவர்கள் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். எதிரே உள்ள வாட் சுதத் கோயிலில் சுகோதை என்னும் பழைய தலைநகரிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய வெண்கல புத்தர் அமர்ந்திருக்கிறார்; அரண்மனையின் கூட்டம் இங்கே இல்லை.

அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் வாட் சகேத்தின் பொன்மலை. 344 படிகள் மலையைச் சுற்றி மெதுவாக ஏறுவதால் முதியவர்களும் ஏறிவிடலாம். உச்சியிலுள்ள தூபியில், வட இந்தியாவின் பிப்ரவாவில் 1898இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு ஐந்தாம் ராமா மன்னருக்கு வழங்கப்பட்ட புத்தரின் எச்சங்கள் வைக்கப்பட்டுள்ளன. பழைய நகரின் கூரைகளும் புதிய நகரின் வானளாவிகளும் ஒரே பார்வையில் விரியும்.

மலையடிவாரத்தின் அருகே உள்ள பான் ஃபா துறையிலிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகு புறப்படும். வேகமாகச் செல்லும் இந்தப் படகில் தண்ணீர் தெறிக்கும், பக்கவாட்டுத் திரையைக் கயிற்றால் இழுத்துவிட்டுக்கொள்ளலாம். துறையில் நிற்பது சில நொடிகளே என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு இருப்பவர்களும் இதைத் தவிர்த்து டாக்சியில் செல்லட்டும். ஹுவா சாங் துறையில் இறங்கினால் ஜிம் தாம்சன் இல்லம் அருகில். தாய்ப் பட்டு நெசவை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற இந்த அமெரிக்கர், பழைய தேக்குமர வீடுகளைப் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து கால்வாய்க் கரையில் இணைத்துக் கட்டினார். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கச் சென்றவர் திரும்பவேயில்லை. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே செல்ல முடியும். மாலையில் சயாம் பகுதியின் வணிக வளாகங்களில் குளிர்ந்த காற்றோடு உலாவலாம். ஒரு நிலையம் தள்ளி, சித் லோமில் 1956இல் நிறுவப்பட்ட எராவன் பிரம்மா சன்னிதியில் நேர்த்திக்கடன் நடனம் நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள்: லும்பினி, சிலோம், யாவ்வராத்

காலை ஆறரைக்கு லும்பினிப் பூங்காவில் நடப்பவர்களையும் குளக்கரையில் சாவகாசமாக ஊர்ந்து செல்லும் பெரிய உடும்புகளையும் பார்த்துவிட்டு, சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய இந்தக் கோயிலில் இன்று வழிபட வருவோரில் பெரும்பாலோர் தாய் மக்கள். நவராத்திரி நிறைவு ஊர்வலத்தின்போது சிலோம் சாலையே பூவாலும் விளக்காலும் நிறைந்துவிடும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

நண்பகலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுங்கள், மூன்றாம் நாளில் அது அவசியம். பிற்பகல் ஹுவா லாம்போங் எம்ஆர்டியில் இறங்கி வாட் திரைமித் செல்லலாம். ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர் நெடுங்காலம் சாந்துப் பூச்சுக்குள் மறைந்திருந்தார். 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்துதான் உள்ளே பொன் என்று தெரியவந்தது. அங்கிருந்து தொடங்குகிறது சீனர் வீதியான யாவ்வராத். ஆறு மணிக்கு மேல் நடைபாதை முழுவதும் அடுப்புகள் எரியும். திங்கட்கிழமைகளில் பல தெருக்கடைகள் இருக்காது என்பதைக் கவனித்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் நாள்: அயுத்தயா அல்லது சத்துசக்

வார இறுதியாக அமைந்தால் சத்துசக் சந்தை, மற்ற நாளானால் அயுத்தயா. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் அயுத்தயாவையே சொல்வேன். அயோத்தியின் பெயரால் 1350இல் நிறுவப்பட்டு, 1767இல் பர்மியப் படையால் அழிக்கப்படும் வரை தலைநகராக இருந்த அந்த ஊர், பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ஹுவா லாம்போங்கிலிருந்து செல்லும் சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்புக்கு 20 பாட் அளவே ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடும். வாட் மஹாதாத்தில் அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தரின் தலையோடு படம் எடுப்பவர்கள், தம் தலை அதைவிட உயரமாக இராதபடி அமர்ந்துகொள்ள வேண்டும். நிழல் குறைவு; குடை அவசியம்.

சத்துசக்கில் சுமார் 15,000 கடைகள் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கம்பேங் பெட் எம்ஆர்டி நிலையத்தின் வாசலே சந்தைக்குள் திறக்கும். ஒன்பது மணிக்கே சென்று பன்னிரண்டுக்குள் வெளியேறிவிடுங்கள். பிடித்த பொருளை அப்போதே வாங்கிவிட வேண்டும், அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

சாப்பாடு

சைவம் உண்போர் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கிய உணவிலும் மீன் சாறு இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டான சொம் தாமில் உலர்ந்த இறாலும் சேரும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு விடுவார்கள். சமைப்பவர்களுக்கு இவை உப்பைப் போன்ற சுவையூட்டிகள், ஆகவே தனியாகக் கேட்டால் ஒழிய சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பான வழி, "ஜே" என்னும் குறியைத் தேடுவது. மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்தில், 17 என்ற எண் போலத் தோன்றும் அந்தக் குறி உள்ள கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இராது. "கின் ஜே" என்றால் நான் அந்த வகை உணவே உண்பேன் என்று புரிந்துகொள்வார்கள். "மங்சவிரத்" என்று கேட்டால் முட்டை வரக்கூடும். காரம் வேண்டாம் என்றால் "மை பெட்", மீன் சாறு விட வேண்டாம் என்றால் "மை சை நாம் ப்லா". அக்டோபரை ஒட்டி வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது யாவ்வராத் முழுவதும் இந்த மஞ்சள் கொடிகள் பறக்கும். சைவப் பயணிகளுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

வட இந்திய உணவுக்கும் துணிக்கடைகளுக்கும் பாஹுரத் வீதி. பொன்னிறக் குவிமாடம் கொண்ட குருத்துவாரா அங்கே அடையாளம். மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய பசையரிசிச் சோறும் சேர்ந்த இனிப்பு ஏப்ரல், மே மாதங்களில் மிகச் சிறப்பாக இருக்கும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். உணவுப் பொட்டலங்களிலும் சீட்டுகளிலும் பௌத்த ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால் 543ஐக் கழித்துக் கணக்கிடுங்கள்.

நடத்தையும் எச்சரிக்கையும்

மன்னரையும் அரச குடும்பத்தையும் பற்றி அவமதிப்பாகப் பேசுவதும் எழுதுவதும் தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி கடுங்குற்றம். அது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், நாமும் நிற்க வேண்டும். யாருடைய தலையையும் தொடாதீர்கள். புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். பெண்கள் துறவிகளைத் தொடவோ அவர்கள் கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது.

அரண்மனைக்கு வெளியே கண்ணியமான தோற்றத்தோடு ஒருவர் அணுகி, இன்று விழா என்பதால் அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில்களைக் காட்ட மலிவான டுக்டுக் பிடித்துத் தருகிறேன் என்று சொன்னால், அந்தச் சவாரி நகைக்கடையிலோ தையல்கடையிலோ முடியும் என்று அறிந்துகொள்ளுங்கள். விலையுயர்ந்த கற்கள் என்று விற்கப்படுபவை மதிப்பற்றவையாக இருக்கும். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை வாயிற்காவலரிடம் மட்டும் கேளுங்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, மருத்துவ அவசர ஊர்தி 1669. இரண்டையும் கைப்பேசியில் முதல் நாளே பதிந்துவையுங்கள்.

திரும்பும் நாள்

புத்தர் சிலைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் தேவையில்லை என்று சொன்னாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கியிருந்தால், கடவுச்சீட்டைக் காட்டி மதிப்புக்கூட்டு வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க முகப்பில் விசாரித்துவிட வேண்டும். உங்கள் விமானம் சுவர்ணபூமியில் இருந்தா டான் முவாங்கில் இருந்தா என்பதைச் சீட்டில் மறுபடி பாருங்கள். வந்திறங்கிய நிலையத்திலிருந்தே திரும்புவதாக எண்ணிக்கொண்டு செல்பவர்களுக்கு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நெரிசலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மாலை நான்கு முதல் எட்டு மணிக்குள் விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தால் டாக்சியைத் தவிர்த்து விமான நிலைய ரயிலைப் பிடியுங்கள்.